மலைக்குப் போகும் வழியில் வீடுகள் இருக்கின்றன: குருசாமிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய குருசாமிமார்களுக்கு,

சாமி சரணம்.

தென்காசி மாவட்டம் பாவூர்சத்திரத்தில் ஒரு காய்கறிக் கமிஷன் கடையில் 1984 முதல் 2022 வரை கணக்குப்பிள்ளையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த மடலைக் கேரள அரசுக்கோ, தேவஸ்வம் போர்டுக்கோ, இரு மாநிலக் காவல் துறைக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்கு ஒரே காரணம்தான் உண்டு. சபரிமலைக்காகக் கார்த்திகை முதல் தேதி கழுத்தில் ஏறிய மாலை இறங்கும்வரை நம் சாமிமார் வேறு யார் சொல்லைத் தட்டினாலும் உங்கள் சொல்லைத் தட்டுவதில்லை. பெற்ற தகப்பன் இருபது ஆண்டு சொல்லியும் விடாத பீடியை உங்கள் ஒரு பார்வைக்குப் பயந்து விட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களில் ஒருவன் நானே. ஆகையால் நான் சொல்ல வந்த காரியம் நடக்க வேண்டுமானால் அது உங்கள் வாய்வழியாகத்தான் நடக்க வேண்டும்.

1986இல் கன்னிச்சாமியாக முதல் கட்டுக் கட்டினேன். அதிலிருந்து இன்றுவரை 31 முறை மலைக்குப் போயிருக்கிறேன். பதினெட்டாம் ஆண்டில் தென்னங்கன்று கொண்டுபோய் வைத்ததும் அதில் அடக்கம். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. உங்களில் பலர் என்னைவிட அதிகம் போனவர்கள். ஆனால் உங்களில் பலருக்கு வாய்க்காத ஒன்று எனக்கு வாய்த்தது. மாலை போடாத மாதங்களிலும், வாரம் ஒரு நாள், கையில் மஞ்சள் பையோடு அதே வழியில் நான் வசூலுக்குப் போய்வந்தேன். எங்கள் சந்தையிலிருந்து முருங்கையும் கத்தரியும் வெண்டையும் தக்காளியும் புளியரை வழியாகக் கேரளத்துக்குள் இறங்கும். அவற்றுக்குரிய பணத்தைப் புனலூரிலும் கொட்டாரக்கரையிலும் கொல்லத்திலும், பின்னாளில் பத்தனம்திட்டைப் பக்கத்து ஊர்களிலும் நான் போய் வாங்கி வருவேன். ஒரே மாநிலத்துக்குள் ஒரே ஆள் இரண்டு வேடத்தில் போய்வந்ததில், அந்த இரண்டு ஆள்களும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்தே உறைத்தது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் வசூலுக்குப் போனவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காலையில் செங்கோட்டையில் பாசஞ்சர் ரயிலில் ஏறுவேன். 1904இல் போட்ட மீட்டர்கேஜ் பாதை அது. பகவதிபுரம் தாண்டியதும் மலையைக் குடைந்த நீளமான குகைக்குள் ரயில் நுழையும். பள்ளிப் பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள், பெரியவர்கள் ஜன்னலை இறக்குவார்கள், குகைக்கு அந்தப்புறம் வெளியே வந்தால் காற்றே வேறாக இருக்கும். இந்தப்புறம் வறண்டு, புழுதி வாடை அடித்த காற்று, அந்தப்புறம் ஈரமும் பச்சிலையும் மக்கிய சருகுமாக மணக்கும். ஆரியங்காவு, எடப்பாளையம், கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலம், தென்மலை, ஒற்றக்கல், எடமண் என்று ஒவ்வொன்றாக இறங்கி ரயில் புனலூரைச் சேரும். சுமார் 50 கிலோமீட்டர்தான். ஆனால் மலைப்பாதையில் ரயில் அவசரப்பட்டதே இல்லை. 2010 செப்டம்பரில் அந்தப் பாதையை அகலப்பாதையாக்க மூடினார்கள். 2018 ஜூனில்தான் மறுபடி முழுப் பாதையும் திறந்தது. இடையில் எட்டு ஆண்டுகள் கோட்டவாசல் வளைவுகளில் பேருந்தில் குலுங்கிக்கொண்டே வசூலுக்குப் போனேன். என் இடுப்பு வலிக்கு அந்த எட்டு ஆண்டுகளே காரணம் என்று வீட்டில் சொல்வார்கள். மருத்துவர் வேறு காரணம் சொல்கிறார்.

புனலூரில் இறங்கினால் நான் வேறு மனிதன். கல்லடையாற்றின்மேல் 1877இல் கட்டிய தூக்குப்பாலத்துக்குப் பக்கத்துச் சாயாக்கடையில் ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு கடையாக ஏறி இறங்குவேன். செருப்பை வெளியே கழற்றுவேன். வியாபாரி வரும்வரை ஓரமாக நிற்பேன். அவர் தமிழும் நான் மலையாளமும் பேச முயன்று, கடைசியில் இருவருமே இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒரு பாஷையில் கணக்கை முடிப்போம். பணம் தரவேண்டியவர் அவர், வாங்க வந்தவன் நான். ஆனாலும் அவர் ஊரில் நான் விருந்தாளி என்ற நினைப்பு என்னை விட்டு நீங்கியதில்லை. ஓணத்துக்கு முந்தின பத்து நாள், அத்தம் தொடங்கித் திருவோணம்வரை, எங்கள் சந்தையில் யாருக்கும் தூக்கம் கிடையாது. அவர்கள் பண்டிகைக்கு எங்கள் மூட்டைகள் போகும். திரும்பி வரும்போது என் மஞ்சள் பையில் பணத்தோடு ஒரு பொட்டலம் உப்பேரியும் சர்க்கரவரட்டியும் இருக்கும்.

அவர்கள் எங்கள் லாரியைப் ‘பாண்டி லோறி’ என்பார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் அந்தச் சொல் என்னைக் குத்தியது. பிறகு யோசித்துப் பார்த்தேன். என் தாயார் பிறந்த செங்கோட்டையே 1956 நவம்பர் 1ஆம் தேதிவரை திருவிதாங்கூர்–கொச்சிச் சீமையில் இருந்த ஊர். ஊர் நுழைவாயில் வளைவில் திருவிதாங்கூர் சங்கு முத்திரையைப் பார்த்தே நான் வளர்ந்தேன். என் தாத்தா திருவிதாங்கூர்க் குடியாகப் பிறந்தவர். அவர் பேரனை ஒருவர் பாண்டிக்காரன் என்றால் கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது? நம் பக்கத்திலும் அவர்களைச் சொல்ல வைத்திருக்கும் சொற்கள் எல்லாம் மரியாதையானவை அல்ல என்பதை நீங்களும் அறிவீர்கள்.

ஒருமுறை புனலூரில் இருந்தபோது திடீரென்று ஹர்த்தால் வந்துவிட்டது. பேருந்து இல்லை, கடை இல்லை, சாயாவுக்குக்கூட வழியில்லை. பையில் கணிசமான பணம் இருந்தது. எனக்குப் பணம் தரவேண்டியிருந்த வியாபாரிகளில் ஒருவர், அதுவும் அந்த மாதம் பாக்கி சொன்னவர், என்னைத் தம் வீட்டுக்கு அழைத்துப்போனார். கஞ்சியும் பயறும் சுட்ட பப்படமும் தந்தார்கள். குடிக்கக் கொடுத்த தண்ணீர் இளஞ்சிவப்பாக, வெதுவெதுப்பாக இருந்தது. பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சிய தண்ணீர் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ரப்பர் ஷீட்டுகள் அடுக்கிய அறையில் பாய் விரித்துக் கொடுத்தார்கள். அந்தப் புளித்த வாடையில் முதலில் தூக்கம் வராது என்றுதான் நினைத்தேன்; காலையில் அவர்கள் வந்து எழுப்ப வேண்டியிருந்தது. பாக்கியை அவர் மறுமாதமும் தரவில்லை என்பது வேறு கதை.

இனி, மாலை போட்டவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது சற்று வெட்கத்தோடு சொல்ல வேண்டியது.

நாங்கள் போகும் வழி உங்களுக்கும் தெரிந்ததே. புளியரை ஏறி, ஆரியங்காவில் ஒரு தேங்காய் உடைத்து, புனலூரில் வலப்புறம் திரும்பி, பத்தனாபுரம், கோன்னி, பத்தனம்திட்டை, வடசேரிக்கரை, ளாஹா, நிலக்கல், பம்பை. 1996 மார்கழியில் நாங்கள் 18 பேர் ஒரு மெட்டாடர் வேனில் போனோம். பத்தனாபுரத்துக்கும் கோன்னிக்கும் நடுவில் விடியற்காலை நான்கரை மணி இருக்கும். ரப்பர் தோட்டத்துக்குள் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு பால் வெட்டுகிறவர்கள் மரத்துக்கு மரம் நடந்துகொண்டிருந்தார்கள். எங்கள் கன்னிச்சாமி ஒருவர் அந்த விளக்குகளைப் பார்த்துக் கொள்ளிவாய்ப் பிசாசு என்று பதறினார். சிரித்துக்கொண்டே வண்டியை ஓர் வீட்டு வாசலருகே நிறுத்தினோம். நல்ல கிணறு இருந்தது, முற்றம் சுத்தமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

வேனில் ஒலித்துக்கொண்டிருந்த பக்திப் பாட்டை யாரும் நிறுத்தவில்லை. சோப்புக் கையோடு கிணற்றில் வாளியை விட்டோம். முற்றத்துக் கொடியில் ரப்பர் ஷீட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. எங்களில் இரண்டு பேர் அவற்றை எடுத்து மண்ணில் போட்டுவிட்டு ஈர வேட்டிகளை விரித்தார்கள். மதிலோரம் ஸ்டவ்வைப் பற்றவைத்து உப்புமா கிண்டி, இலைகளையும் காகிதத் தட்டுகளையும் சாப்பிட்ட இடத்திலேயே விட்டுவிட்டு, சரணம் விளித்து வண்டியேறினோம். பிள்ளைகள் சிலர் தோட்டத்துக்குள் எதற்குப் போய்வந்தார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. இத்தனைக்கும் எங்கள் குருசாமி ஒரு எறும்பை மிதிக்காதவர். 41 நாள் தரையில் படுத்து, ஒரு வேளை உண்டு, கடுஞ்சொல் பேசாமல் இருந்தவர்கள் நாங்கள்.

நூறு அடி போன பிறகு கரண்டியை விட்டுவிட்டோம் என்று சமையல் பொறுப்பிலிருந்த எனக்கு ஞாபகம் வந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி ஓடினேன். திண்ணையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்சுவரில் ஏசுநாதர் படம். சட்டையும் முண்டும் உடுத்த ஒரு கிழவியார் குனிந்து, மண்ணில் கிடந்த ஷீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து முண்டின் ஓரத்தால் துடைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். முற்றத்தில் பாதி பெருக்கியிருந்தது. ஈர்க்குமாறு மதிலில் சாய்ந்திருந்தது. என்னைக் கண்டதும் எதற்கு வந்தேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. திண்ணைக்குப் போய்க் கரண்டியை எடுத்துவந்து நீட்டினார். அதைக் கழுவி வைத்திருந்தார். “போயிட்டு வா, மோனே” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு மலையாளத்தில் வார்த்தை வரவில்லை, தமிழிலும் வரவில்லை. வாரந்தோறும் அதே மாநிலத்தில் செருப்பை வெளியே கழற்றிவிட்டு நிற்கிற கணக்குப்பிள்ளையும், அன்று கரண்டிக்காக ஓடிவந்தவனும் ஒரே ஆள்தான் என்பது அங்கேதான் எனக்குத் தெரிந்தது.

மாலை கழுத்தில் ஏறியதும் நமக்கு என்ன ஆகிறது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். மலைக்குப் போகிறோம், காட்டுக்குப் போகிறோம் என்று நாற்பது நாள் சொல்லிச் சொல்லி, வீட்டு வாசல் தாண்டியதுமே எல்லாம் காடாகிவிடுகிறது போலும். புனலூரும் கோன்னியும் பத்தனம்திட்டையும் நமக்கு ஊர்களாகத் தெரிவதில்லை. எத்தனை கிலோமீட்டர் பாக்கி என்பதற்கான அடையாளங்களாகத் தெரிகின்றன. ஆனால் அங்கே பிள்ளைகள் காலையில் பரீட்சைக்குப் போகிறார்கள். இரவு இரண்டு மணிக்கு ஒலிபெருக்கியோடு ஒரு வேன் போனால் ஒரு வீடு விழித்துக்கொள்ளும். அடுத்தது மூன்று மணிக்குப் போகும். கார்த்திகையிலும் மார்கழியிலும் நெடுஞ்சாலையோரம் குடியிருப்பவர்கள் நம்மைப் பற்றி வெளியில் பேசாமல் இருப்பது அவர்கள் நாகரிகம்.

நமக்கும் அந்த மண்ணுக்கும் உறவு இல்லாமலில்லை. ஆரியங்காவில் மார்கழியில் நடக்கும் ஐயன் திருக்கல்யாணத்துக்கு மதுரைச் சௌராஷ்டிர மக்கள் புஷ்கலாதேவியின் பெண்வீட்டாராக வந்து நிற்கிறார்கள். கோயில் தரப்பு அவர்களைச் சம்பந்திகளாக வரவேற்கிறது. அச்சன்கோயில் திருவிழாவுக்கான திருவாபரணப் பெட்டி புனலூரிலிருந்து புறப்பட்டு, மலையைத் தாண்டித் தென்காசிக்கு வந்து, நம்மவர்களின் வரவேற்பைப் பெற்றுக்கொண்டு, திரும்பவும் மலையேறி அச்சன்கோயிலுக்குப் போகிறது. குளத்துப்புழையில் பாலசாஸ்தாவின் ஆற்று மீன்களுக்குப் பொரி போடாமல் வருகிற தென்காசிக்காரர் குறைவு. சம்பந்தி வீட்டு முற்றத்தில் யாராவது சோப்பு நுரையையும் எச்சில் இலையையும் விட்டு வருவார்களா?

அந்த முற்றத்தைவிடப் பெரிய காரியம் பம்பை. முதல் நான்கைந்து ஆண்டுகள் நானும் தரிசனம் முடித்து வந்து குளித்து, உடுத்த வேட்டியை ஆற்றோடு விட்டவன். பாவம் துணியோடு போய்விடும் என்றார்கள், விட்டேன். பிற்பாடு எங்கள் கடைக்குக் கோழஞ்சேரியில் ஒரு வாடிக்கைக்காரர் அமைந்தார். ஒரு நாள் கணக்கு முடிந்ததும் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றைக் காட்ட அழைத்துப்போனார். அதுவும் பம்பைதான். அதுவரை பம்பை என்பது மலையடிவாரத்தில் நாம் குளிக்கும் திரிவேணியில் தொடங்கித் திரிவேணியிலேயே முடிகிற ஆறு என்பதுபோல என் மனத்தில் இருந்திருக்கிறது. படித்துறையில் வேர்களில் சிக்கிக் கிடந்த ஒரு துணியைக் காலால் தள்ளிவிட்டு அவர் சொன்னார்: “சாமிமார் எல்லாரும் ஊருக்குப் போயி, அண்ணாச்சி. வேட்டி மட்டும் இங்கெ வந்து.” அவர் சிரித்தார், கோபம் இல்லை. அந்த மணல்பரப்பில்தான் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மாரமண் கன்வென்ஷன் என்ற கிறிஸ்தவப் பெருங்கூட்டம் கூடுகிறது. கொஞ்சம் கீழே ஆறன்முளையில் அதே நீரில்தான் பார்த்தசாரதிக்காகப் பள்ளியோடங்கள் என்ற நீண்ட படகுகள் பாய்கின்றன. அதற்கும் கீழே குட்டநாட்டு வயல்கள், பிறகு வேம்பநாட்டுக் காயல். இத்தனை பேர் குடிக்கவும் குளிக்கவும் கும்பிடவும் இருக்கிற ஆற்றில் நம் பாவத்தை மூட்டை கட்டி விடுகிறோம். துணி விடுவது சபரிமலை ஆசாரமே அன்று என்று தேவஸ்வம் போர்டும் கேரள உயர் நீதிமன்றமும் பலமுறை சொல்லியாகிவிட்டது. அறிவிப்புப் பலகை தமிழிலேயே இருக்கிறது. ஆனாலும் நம் சாமிமார் பலகையைப் பார்ப்பதில்லை, உங்களைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் உங்கள் வேட்டியைப் பிழிந்து பைக்குள் வைத்தால் அவர்களும் வைப்பார்கள்.

2018 ஆகஸ்ட் பெருவெள்ளம் பம்பை மணல்புறத்தின் முகத்தையே மாற்றிவிட்டது. அந்தக் கார்த்திகையில் நான் போனபோது, முப்பது ஆண்டு பழகிய இடத்தில் எனக்குத் திசை தெரியவில்லை. கட்டடங்கள் இருந்த இடத்தில் மணல் மேடு. குளித்த துறை எது என்று தேட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு மலையில் நடந்த மற்ற சர்ச்சைகளுக்குள் நான் போக விரும்பவில்லை. ஆனால் அதே மழைக்கு வீடிழந்த மக்கள், சுவரில் சேற்றுக்கோடு இன்னும் காயாத நிலையில், அந்தக் கார்த்திகையிலும் வழியில் நமக்குச் சுக்குவெள்ளம், அதாவது சுக்குத் தண்ணீர், காய்ச்சி ஊற்றினார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. அதை வாங்கிய எங்கள் பையன் ஒருவன், நிறம் பிடிக்காமல், ஊற்றியவர் கண்ணெதிரே கொட்டினான்.

இருமுடியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2024இல் சபரிமலைத் தந்திரியே சொல்லிவிட்டார்: கட்டுக்குள் பிளாஸ்டிக் வேண்டாம், கற்பூரமும் ஊதுவத்தியும் பன்னீரும்கூட வேண்டாம் என்று. சந்நிதானத்தில் அவை பயன்படுவதில்லை, குப்பையாகத்தான் சேர்கின்றன. ஆனால் நம் ஊர்ப் பூஜைக் கடைகளில் இன்னும் ‘இருமுடி செட்’ என்று பிளாஸ்டிக் பைக்குள் பிளாஸ்டிக் பைகளாக அடுக்கித்தான் விற்கிறார்கள். கட்டு நிறைப்பது நீங்கள். கையில் எடுத்த பொட்டலத்தைப் பிரித்து, பையைத் தள்ளி வைத்துவிட்டு, அரிசியை மட்டும் துணிமுடிப்பில் போட உங்களுக்கு ஒரு நிமிடம் ஆகும். நாம் விட்டுவரும் குப்பையை மலையில் யார் வாருகிறார்கள் என்று பலருக்குத் தெரியாது. ‘விசுத்தி சேனை’ என்ற பெயரில் வேலை செய்யும் அந்தத் துப்புரவுத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். பம்பையில் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். சேலம் பக்கம் என்றார். “சாமி, குப்பை தமிழ்ல பேசுது, தெலுங்குல பேசுது, எல்லாத்துலயும் பேசுது, வாருற கைதான் ஒண்ணா இருக்கு” என்றார். அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒரு சாயா வாங்கிக் கொடுத்தேன்.

கடைசியாக ஒன்று உண்டு. அதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. நம் வண்டிகளை ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் சமவெளி ஓட்டுநர்கள். தூத்துக்குடிச் சாலையிலும் விருதுநகர்ச் சாலையிலும் ஓட்டிப் பழகிய கை. மலையில் எந்தக் கியரில் ஏறுகிறோமோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும் என்பதைக் கேட்டிருப்பார்கள், செய்திருக்க மாட்டார்கள். 2003 என்று நினைவு, தரிசனம் முடிந்து திரும்பும்போது எங்கள் ஓட்டுநர் டீசலை மிச்சம் பிடிக்க வண்டியை நியூட்ரலில் விட்டார். ளாஹாவுக்குக் கீழே ஓர் இறக்கத்தில் கருகின வாடை வந்தது. பிரேக் மிதி தரையோடு போய்விட்டது. வண்டி ஒரு மண்திட்டில் உரசிக்கொண்டே போய் நின்றது ஐயன் புண்ணியம். ஆனால் அது மறுபடி உருளாமல் இருக்க ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் கொடுத்தவர், ரப்பர் பால் வெட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி. கையிலிருந்த வாளியைச் சாலையில் போட்டுவிட்டு வந்திருந்தார். கொட்டிய பாலுக்குக் காசு வாங்கிக்கொள்ளச் சொன்னபோது கையை மட்டும் ஆட்டினார். எங்களுக்கு வாய்த்தது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. 2022 டிசம்பரில், தரிசனம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஆண்டிபட்டிப் பக்கத்துச் சாமிமார் எட்டுப் பேர் குமுளி அருகே வண்டி கவிழ்ந்து இறந்துபோனார்கள். அவர்கள் வீட்டு வாசலில் இருமுடிக்குப் பதிலாக எது வந்து இறங்கியது என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஒரே இரவில் போய், வரிசையில் நின்று, மறு இரவிலேயே திரும்பினால் வண்டி வாடகை ஒரு நாளோடு முடியும் என்பது எனக்கும் தெரியும். 38 ஆண்டு கணக்கெழுதியவனுக்கு அது தெரியாதா? சாமிமார் வண்டிக்குள் தூங்குவார்கள். ஓட்டுநர் எங்கே தூங்குவார் என்பதையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டும். வழியெல்லாம் கோயில்களை ஒட்டி இடத்தாவளங்கள் இருக்கின்றன. அங்கே தண்ணீர் உண்டு, கழிப்பறை உண்டு, கால் நீட்ட இடம் உண்டு. புறப்படுமுன்னே எந்த இடத்தாவளத்தில் எத்தனை மணி நேரம் என்று நீங்கள் குறித்துச் சொல்லிவிட்டால் இந்த மடலில் நான் எழுதிய பாதிக் காரியம் தானாகவே முடிந்துவிடும். யார் வீட்டு முற்றத்திலும் இறங்க வேண்டிய தேவையே இராது. அதற்காக ஆளுக்கு இருநூறு ரூபாய் கூடினால் கூடட்டும். கன்னிச்சாமிகளுக்கு 41 நாளில் எத்தனையோ சொல்லிக்கொடுக்கிறீர்கள். அவற்றோடு, வழியிலுள்ள ஊர்களின் பெயர்களையும் சொல்லிக்கொடுங்கள். கதவைத் தட்டிக் கேட்காமல் கிணற்றில் வாளி விடக் கூடாது என்றும், கொடுத்த தண்ணீரைக் கொட்டக் கூடாது என்றும், இரவில் ஊருக்குள் நுழையும்போது பாட்டை நிறுத்த வேண்டும் என்றும் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அது விரதத்தில் சேர்ந்துவிடும்; வேறு யார் சொன்னாலும் அறிவுரையாகத்தான் இருக்கும்.

அந்தக் கோன்னிச் சாலை வீட்டுக்கு மறுவருடமே போனேன். இம்முறை கதவைத் தட்டினேன். எங்கள் சந்தை முருங்கைக்காய் ஒரு கட்டுக் கொண்டுபோயிருந்தேன். கிழவியாருக்கு என்னை ஞாபகமில்லை. எத்தனையோ வேன்கள், எத்தனையோ சாமிமார். கரண்டி என்று கையைக் காட்டிச் சொன்னதும் சிரித்துவிட்டார். அவர் காலமான பிறகு அங்கே மகனும் மருமகளும் இருக்கிறார்கள்; ரப்பர் விலை இறங்கியதும் மரங்களில் பாதியை வெட்டிவிட்டார்கள்; கொடியில் இப்போது பிள்ளைகளின் பள்ளிச் சீருடைதான் காய்கிறது. நான் போகிற ஆண்டுகளில் முருங்கைக்காய்க் கட்டு ஒன்று மறக்காமல் வண்டியில் ஏறும்.

கரண்டி இன்னும் எங்கள் குழுவின் சாமான் மூட்டையில் இருக்கிறது. இந்த ஆண்டு மார்கழி எட்டாம் தேதி பாவூர்சத்திரத்திலிருந்து புறப்படுகிறோம். மூட்டையில் புதிதாக ஓர் ஈர்க்குமாறும் இரண்டு காலிச் சாக்குகளும் வைத்திருக்கிறேன். இது எதற்கு என்று எங்கள் குழுவில் இரண்டு பேர் கேட்டார்கள், கதையைச் சொன்னேன். கேட்காத மற்றவர்களுக்கு எங்கள் குருசாமி சொல்வதாக ஏற்றிருக்கிறார்.

சாமி சரணம்.

இப்படிக்கு,
முன்னாள் கணக்குப்பிள்ளை ஒருவன்,
பாவூர்சத்திரம்.